பழைய வீடும் பங்காளிகளும்

பரவையில் நம் பங்கைச் சேர்ந்த தம்பதியர் கட்டிய புதிய இல்லத்தை மந்திரிக்க அண்மையில் சென்றிருந்தோம். வாசலில் கனத்த பழைய தேக்குக் கதவு ஒன்று நம்மை வரவேற்றது. "செட்டிநாட்டு வீட்டுக் கதவு, சாமி" என்றார் இல்லத் தலைவர். கணவனும் மனைவியுமாகப் பல்லாண்டுகள், பழைய வீடுகளைப் பிரித்த மரங்களை வாங்கி விற்றவர்கள் அவர்கள். "இத்தகைய வீடுகளை இடிக்க மனம் வருகிறதா?" என்று வினவினோம். அம்மையார் அமைதியாக மறுமொழி தந்தார்: "நாங்கள் இடிப்பதில்லை, சாமி. அண்ணன் தம்பிகள் மனத்தால் இடித்து முடித்த பிறகே எங்களை அழைக்கிறார்கள்."

அச்சொல் நம் உள்ளத்தில் தைத்தது.

மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள செட்டிநாட்டில் நகரத்தார் எழுப்பிய மாளிகைகளை வாசகர் பலர் கண்டிருப்பர். பர்மாத் தேக்குத் தூண்கள். ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை. முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணச் சுவர். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். நடுவே வளவு, அதைச் சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் அறையும் அடுப்பும் தந்து 'வேறு வைப்பது' அவர்தம் வழக்கம். உலைகள் பல, கூரை ஒன்றே.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. 1960களில் அந்நாட்டு அரசு வணிகத்தை நாட்டுடைமை ஆக்கியது. செல்வம் குன்றிற்று. ஆயினும் அவ்வீடுகளைச் சாய்த்தது வறுமை மட்டுமன்று. தலைமுறைதோறும் பங்குகள் பெருகின. ஓர் ஓடு விலகினால் மழைநீர் கைமரத்தில் இறங்கும். கைமரம் உளுத்தால் கூரையே தாழும். ஓட்டை மாற்றும் செலவோ சிறிது; அதைக் கொடுப்பது யார் என்பதே பெரும் வழக்கு! முடிவில் வீடு பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளை அடைகின்றன.

மீண்ட கட்டடங்களும் உண்டு. காரைக்குடியில் தம் குடும்பத்தாரின் பழைய பங்களாவைத் திருமதி மீனாட்சி மெய்யப்பன் 1999இல் விருந்தினர் விடுதியாக்கி வாழவைத்தார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் இல்லம் ஒன்று, பிரித்துக் கொணர்ந்து மீண்டும் பூட்டப்பெற்று நிற்கிறது.

நம் தம்பதியரும் இப்போது மரம் விற்பதைக் குறைத்து, வீடுகளைப் பழுதுபார்க்கத் தொடங்கியுள்ளனர். சுண்ணச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உதிரும். எனவே அவர்கள் சுண்ணாம்பையே குழைக்கின்றனர். "ஆனால் முதல் வேலை சுண்ணாம்பு அன்று, சாமி. பங்காளிகள் எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பதே" என்றார் கணவர். சில வீடுகளில் அது கைகூடுகிறது; பல வீடுகளில் கைகூடுவதில்லை.

நமக்கு மாளிகை இல்லைதான். ஆயினும், ஓர் ஓட்டு வீட்டுக்காகவும் நாலு சென்ட் நிலத்துக்காகவும் உடன்பிறந்தோர் முகம் பாராமல் ஒரே ஆலயத்தில் நற்கருணை வாங்குவதை நாம் காணவில்லையா? சொத்தைப் பிரித்துத் தரச் சகோதரனுக்குச் சொல்லுமாறு வேண்டியவனிடம், பாகம் பிரிக்கும் நடுவராயிருக்க ஆண்டவர் மறுத்தார். பேராசையைக் குறித்தே எச்சரித்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. பெற்றோரே, உயிரோடிருக்கும்போதே மக்கள் யாவரையும் ஒருங்கே அமர்த்தி, உங்கள் விருப்பத்தை எழுதி வையுங்கள். உடன்பிறந்தோரே, ஓடு விலகிய அன்றே பேசிவிடுங்கள்.

அன்று அக்கதவை மந்திரித்தோம். முன்பு அதைத் திறந்து மூடிய குடும்பத்தார், இன்று எங்கெங்குப் பிரிந்திருப்பினும், ஒருவரையொருவர் காண வேண்டுமென்றும் மன்றாடினோம்.