ஏஐ வந்தாச்சு... சைகை மொழிபெயர்ப்பாளர்களின் வேலை என்ன ஆகும்?

2023 செப்டம்பர். உச்ச நீதிமன்றத்தில் காணொலி வழியாக ஒரு விசாரணை. காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னிக்காக, சைகை மொழிபெயர்ப்பாளர் சவுரவ் ராய்சவுத்ரியும் இணைப்பில் இருந்தார். விசாரணை முழுக்க இரண்டு பேருக்கும் திரையில் இடம் தர முடியாது என்று கட்டுப்பாட்டு அறை முதலில் சொல்லிவிட்டது. அதனால் மொழிபெயர்ப்பாளர் மட்டும் கேமராவை ஆன் செய்து சைகை காட்டினார். பிறகு தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு, இருவரும் திரையில் தெரிய அனுமதித்தது.

'வீடியோவை ஆஃப் பண்ணா என்ன, இணைப்பில்தானே இருக்காங்க' என்று தோன்றலாம். ஆனால் சைகையில் பேசுபவருக்கு வீடியோ ஆஃப் ஆவது, நமக்கு மைக் மியூட் ஆவது மாதிரி.

ஒரு வீடியோ கால் தூரம்

இந்தியாவில் செவித்திறன் குறையுள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இத்தனை பேருக்கு ஈடுகொடுக்கும் அளவில் மொழிபெயர்ப்பாளர்கள் கிடையாது. அதனால்தான் 'வீடியோ ரிலே' பெரிய விஷயம். காது கேளாதவர் வீடியோவில் சைகை காட்ட, அதை மொழிபெயர்ப்பாளர் எதிர்முனையில் இருப்பவருக்குக் குரலில் சொல்வார். பதிலைத் திரும்பச் சைகையில் காட்டுவார். அமெரிக்காவில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. நிறுவனங்களுக்கு நிமிடக் கணக்கில் பணம். இங்கே டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2023-ல் இந்தச் சேவையைத் தொடங்கியது.

அலைச்சல் மிச்சம், உண்மைதான். ஆனால் வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. நேரில் போனால் யார், என்ன விஷயம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். நீண்ட நிகழ்ச்சி என்றால் இரண்டு பேர் போய், 20-30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ரிலேவில் இப்போது வங்கிக் கணக்கு, அடுத்த அழைப்பில் ஒரு மரணச் செய்தி. எந்தத் தயாரிப்பும் இருக்காது. சைகைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வேறு மாநிலத்தவரின் சைகை சட்டென்று பிடிபடாமலும் போகலாம். நெட் கொஞ்சம் திணறினாலும் பாதி வாக்கியம் காலி.

கையுறை சொன்ன பாடம்

2016-ல் அமெரிக்க மாணவர்கள் இருவர், சைகையைக் குரலாக மாற்றும் கையுறையை உருவாக்கி 10,000 டாலர் பரிசு வென்றார்கள். உலகமே கொண்டாடியது. காது கேளாதோரும் மொழியியலாளர்களும் மட்டும் கொண்டாடவில்லை. காரணம், சைகை மொழியின் இலக்கணத்தில் பாதி முகத்தில் இருக்கிறது. இந்திய சைகை மொழியிலும் 'ஆமாவா, இல்லையா' என்ற கேள்வியைக் காட்டுவது உயரும் புருவம்தான். கையுறைக்குப் புருவம் எங்கே தெரியும்?

இப்போதைய ஏஐ, கேமரா வழியாக முகத்தையும் படிக்கப் பார்க்கிறது. எழுத்தைக் கொடுத்தால் சைகை காட்டும் அனிமேஷன் உருவங்களும் வந்துவிட்டன. ஆனால் இவை கற்க ஏராளமான வீடியோக்கள் தேவை. மேலே சொன்ன டெல்லி மையத்தின் அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. ஆனால் தனிச் சொற்களை வரிசையாக அடுக்கினால் அது பேச்சு ஆகிவிடாதே! 'அப்போ சப்டைட்டில் போதாதா?' என்பவர்களுக்கு: சைகையே முதல் மொழியாக இருப்பவருக்கு, எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி.

உலக காது கேளாதோர் கூட்டமைப்பும், சைகை மொழிபெயர்ப்பாளர்களின் உலக அமைப்பும் 2018-லேயே இதில் ஒரு கோடு கிழித்தன. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி, முன்பே தயாரித்து வைக்கக்கூடிய தகவலுக்கு அனிமேஷன் உருவம் ஓகே. நேரலையில் நடக்கும், சிக்கலான உரையாடலுக்கு மனிதர்தான் வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் ஆபத்துகளை விளக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் உள்ள உருவம் ஒரு சைகையைத் தப்பாகக் காட்டுகிறது. டாக்டருக்குச் சைகை தெரியாது. நோயாளிக்கு டாக்டர் சொன்னது கேட்காது. தப்பு நடந்தது அந்த அறையில் யாருக்குமே தெரியாது, கையெழுத்தும் போட்டாகிவிடும். மனித மொழிபெயர்ப்பாளர் என்றால், நோயாளியின் முகத்தில் குழப்பத்தைப் பார்த்ததுமே டாக்டரை நிறுத்தி, 'இன்னொரு தடவை சொல்லுங்க சார்' என்று கேட்டிருப்பார்.