ஓஎஸ் போடும் முன்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அன்று எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துபோகவில்லை. அதனாலேயே பலருக்கு விஷயம் உறைக்கவும் இல்லை. சிஸ்டம் மந்தமாகி, வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரத்தில் பூட் ஆகாமல் நிற்கும்போதுதான் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைகளுக்கு ஓடுகிறார்கள். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஓஎஸ் போடணும் சார்."

அதற்குத் தலையாட்டும்போது மூன்று விஷயங்கள் ஒரே மூச்சில் முடிவாகிவிடுகின்றன. எந்த உரிமம் ஏறப்போகிறது, உள்ளே இருக்கும் ஃபைல்கள் என்னாகும், ஏதாவது கெட்டுப்போனால் யார் பொறுப்பு? சர்வர் அறைகளில் காலம் தள்ளிய சிஸ்டம் அட்மின்கள் இவற்றைத் தனித்தனியாகவே கேட்பார்கள். கடைக்குப் போகிறவரும் அப்படிக் கேட்டால் பணம் மிஞ்சும். தகராறு வந்தால் சட்டமும் துணைக்கு வரும்.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டுமா?

"ஐ5 தானே, விண்டோஸ் 11 ஓடாதா?" என்று கேட்பவர்கள் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பார்ப்பதில்லை. ஐ5-7200 என்று தொடங்கினால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ அனுமதி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். பல கணினிகளில் அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினாலே போதும் என்ற நிலையில் புது மெஷின் வாங்கியவர்களும் உண்டு.

ஏழாம் தலைமுறைக்காரர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 உள்ள வீட்டுக் கணினிகள், நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்பவர்களுக்குக் கட்டணமில்லாத வழியும் இதில் இருக்கிறது.

மற்றொரு வழி லினக்ஸ். அது தென்சென்னைக்கு அந்நியமான சரக்கு இல்லை. கட்டற்ற மென்பொருளுக்காக 2005-ல் மத்திய அரசு நிதியில் தொடங்கிய தேசிய வள மையத்தின் ஒரு கை சி-டாக் சென்னை. மற்றொரு கை குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையம். பாஸ் லினக்ஸ் வெளிவந்தது இந்த முயற்சியில்தான். அதே காலகட்டத்தில் சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது.

இன்று வீட்டுக்கு ஏற்றது லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று. குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் கேட்கும். 4 ஜிபி இருந்தால் சௌகரியம். பென்டிரைவிலிருந்தே இயக்கி, வைஃபை, ஸ்பீக்கர், தமிழ்99 தட்டச்சு எல்லாம் சரிதானா என்று பார்த்த பிறகு நிறுவலாம். ஆனால் கணக்கு மென்பொருளான டேலி நேரடியாக அதில் ஓடாது. சில டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் பழைய பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். கணக்கு எழுதும் கடைக்கு விண்டோஸ், படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறை. எந்த ஓஎஸ் ஆனாலும், சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் தெரியும் வித்தியாசம் புது ஓஎஸ் தருவதைவிடப் பெரிது.

கிராக் காப்பியின் விலை

சில நூறு ரூபாயில் ஏற்றித் தரப்படும் கிராக் விண்டோஸில் இரண்டு சிக்கல்கள். ஒன்று சட்டம். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக லாபம் இல்லாத பயன்பாடு என்றால் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடைக்காரர் மட்டுமின்றி, தெரிந்து பயன்படுத்துகிறவரும் இதில் சிக்குவார்.

மற்றது அப்டேட். கிராக் வேலை செய்ய, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைக்கச் சொல்வார்கள். பல இடங்களில் அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். 2017 மே 12 அன்று உலகை உலுக்கிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். தமிழகத்துக்கும் இந்தத் தொல்லை புதிதல்ல. 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணினிகளே ரான்சம்வேரில் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கிரிப்டோவில் கேட்கப்பட்டது.

அப்டேட்டே ஆபத்தாகும் நாளும் வரும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. மீனம்பாக்கத்திலும் விமானங்கள் தாமதமாயின. அதனால் அனுபவமுள்ள அட்மின்கள் அப்டேட்டை நிறுத்துவதில்லை, வரிசைப்படுத்துகிறார்கள். ஐந்து கணினி உள்ள அலுவலகத்தில் முதலில் ஒன்றுக்குப் போட்டு, ஓரிரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போடுவது அவர்கள் வழக்கம்.

முடிச்சூர் கற்றுத்தந்த பேக்கப்

2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடையாறு கரையேறி முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் புறநகர் மூழ்கியது. தரைத்தள மேசையில் கம்ப்யூட்டர், அதன் கீழ் டிராயரில் பேக்கப் டிஸ்க் என்று வைத்திருந்தால் இரண்டும் ஒரே தண்ணீரில் போகும். அட்மின்கள் சொல்லும் 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். முடிச்சூர்காரரின் மூன்றாவது பிரதி மேட்டுப்பகுதியில் வசிக்கும் அண்ணன் வீட்டில் இருக்கலாம், கிளவுடிலும் இருக்கலாம். டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். காப்பி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும்.

புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதைக் கடைக்காரராலும் மீட்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று சர்வீசுக்குக் கொடுக்கும் முன்பே பார்த்து எழுதி வைப்பது நல்லது.

கவுன்டரில் கேட்க வேண்டியவை

ஜாப் ஷீட் இல்லாமல் மெஷினைக் கொடுக்கக் கூடாது. அதில் சீரியல் நம்பர், ரேம், டிஸ்க் அளவு, சொல்லப்பட்ட கோளாறு, மதிப்பீட்டுத் தொகை, "டேட்டா வேண்டும்" அல்லது "வேண்டாம்" என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். பேட்டரி, கீபோர்டு, டிஸ்பிளே வேலைக்கு லாகின் பாஸ்வேர்டு தேவையில்லை. அவசியம் என்றால் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம். டிஸ்க்கையே கழற்றிவைத்துக்கொண்டு கொடுப்பது இன்னும் உத்தமம்.

வேலைக்கு பில் தர மறுப்பதும், நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலை வேறொருவருக்கு வெளியிடுவதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைகள். உரிமையாளர் அனுமதியின்றி கணினியிலிருந்து தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்கப் படங்களைப் பரப்பினால் 66இ பிரிவும் சேரும்.

கடைக்கே போகாமல் ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். திரை முழுக்கச் சிவப்பாக "வைரஸ், உடனே அழையுங்கள்" என்று ஒரு நம்பர் வந்தால் அது போலி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. மறுமுனையில் இருப்பவர் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்லி, வங்கிக் கணக்குக்குள் நுழைவார். இந்தச் செயலி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை வாடிக்கையாளரே கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

எங்கே முறையிடலாம்?

முதல் படி 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கடையோ கம்பெனியோ அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்பதால், கம்பெனியின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் தாம்பரவாசிக்கு செங்கல்பட்டு போதும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. சுயதொழிலாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறவர் பிழைப்புக்காக வாங்கிய கணினி என்றால் அவரும் நுகர்வோர்தான்.

தரவுத் திருட்டு என்றால் 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தில் புகார் கொடுக்கலாம். இழப்பீடு வேண்டுமானால் தீர்ப்பு அதிகாரியாகச் செயல்படும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார். 2010 ஏப்ரலில் ஃபிஷிங் மின்னஞ்சலால் பணம் இழந்த ஒரு வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கு அப்போதைய செயலர் பி.டபிள்யூ.சி.டேவிதார் உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது.

எந்த மன்றமானாலும் முதலில் கேட்பது ஆவணங்களைத்தான்: பில், ஜாப் ஷீட், வாட்ஸ்ஆப் உரையாடல், யுபிஐ ரசீது, கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எடுத்த சீரியல் நம்பர் படம். இவற்றின் பிரதிகளை அந்த லேப்டாப்பிலேயே வைக்காமல் போனிலோ மின்னஞ்சலிலோ போட்டு வைக்க வேண்டும்.