நாஞ்சில் நாட்டு விளையாட்டு வீரருள் முதல்வர் யாவர்?

சென்ற ஆண்டு எம் கல்லூரி விளையாட்டு விழாவிற்கு முந்திய இரவு, மாணவர் விடுதியின் உணவுச்சாலையில் ஒரு வழக்கு எழுந்தது. விழாப் பந்தலில் தொங்கவிடுவதற்கென, நாஞ்சில் நாட்டு வீரர் மூவரின் பெயரை வரிசைப்படுத்தித் தட்டியொன்று எழுத வேண்டியிருந்தது. மூன்று பெயர்தாமே, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தோம். சோறு ஆறிற்று, மோர் தீர்ந்தது, விடுதிக் காப்பாளர் விளக்கணைக்க வந்து வாயிலில் நின்றார், தட்டியோ வெறுமையாகவே கிடந்தது. மறுநாள் அது பந்தலேறவும் இல்லை. அவ்விரவு முடியாத வழக்கை ஈண்டு முடிக்க முயல்கின்றோம். எம் முடிபை யாவரும் ஏற்பர் என்னும் துணிவு எமக்கில்லை; ஆயினும் எக்கோல் கொண்டு அளந்தோம் என்பதையேனும் மறையாது கூறுதல் எம் கடனாகும்.

முதற்கண், எம்மவர் எனப்படுவார் யார் என்பதிலேயே கருத்து வேறுபட்டது. நாஞ்சில் நாடு என்னும் பெயர் தோவாளை, அகஸ்தீசுவரம் என்னும் இரண்டு தாலுகாக்களுக்கே முறைப்படி உரியது. கல்குளத்தாரும் விளவங்கோட்டாரும் எம்மோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தமையால், அவர்களையும் உளப்படுத்திக் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் கணக்கிற் கொள்வதென இசைந்தோம். உடனே ஒரு நண்பர் சஞ்சு சாம்சன் பெயரை எடுத்தார். 2024ஆம் ஆண்டு அக்டோபரிலும் நவம்பரிலுமாக, இருபது ஓவர் கிரிக்கெட்டின் பன்னாட்டு ஆட்டங்களில் அடுத்தடுத்து இரண்டு சதமடித்த முதல் இந்தியர் அவர். அவர் பிறந்ததோ விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளை. எம் மாவட்ட எல்லைக்கு வெகு தொலைவன்று. "எல்லைக்கோடு 1956இல் இட்டது, கடற்கரை அதற்கு முன்னரே உண்டு" என்று அந்நண்பர் வாதித்தார். வாதம் அழகியதே. எனினும் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கும் திருவிதாங்கூர்த் தொடர்பை விட்டுச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கோட்டிற்கு அப்பாலுள்ளாரை இழுத்து வந்து எம் பந்தியில் அமர்த்துதல் முறையன்று என்று, மனமில்லாமலே அவரை விடுத்தோம்.

அதே கோடு மற்றொரு தீங்கும் செய்துவிட்டது. 1956க்கு முன் எம் மண்ணிற் பிறந்து ஓடியவரும் பந்துதைத்தவரும் திருவிதாங்கூர் என்னும் பெயருள் அடங்கிப் போயினர். பூஞ்ஞாற்று அரச குடும்பத்துக் கோதவர்ம ராஜா விளையாட்டுக் கழகத்தை 1954இல் நிறுவியபோது, எம் ஊர்களும் அவ்வரசின் எல்லைக்குள்ளேயே இருந்தன. அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் நாளைக் கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகின்றது. கோட்டிற்கு இப்பால் அந்நாளை நினைப்பார் அரியர்.

இனி அளவுகோல். பதக்கங்களை எண்ணி வரிசையிடலாம் என்றனர் சிலர். அஃது எளிய வழி. ஆயின் பதக்கம் வழங்கும் களத்திற்குச் செல்லும் வண்டிச்சத்தம் எல்லார் கையிலும் இருந்ததில்லை. ஆதலின் யாம் இரண்டு வினாக்களை வைத்துக்கொண்டோம். ஒன்று, இவர் புறப்பட்ட இடத்திலிருந்து எத்துணைத் தொலைவு சென்றார்? மற்றொன்று, இவர் போன வழியில் பின்வருவார்க்குத் தடம் உண்டாயிற்றா?

இவ்விரு வினாக்களையும் கேட்டவுடன் எம் கண் மேற்குக் கடற்கரைக்குச் சென்றது. தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, இரயுமன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று, தேங்காய்ப்பட்டினத்திற்கு மேற்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் மீனவர் ஊர்கள் அவை. ஆழ்கடலிற் சுறா வேட்டைக்குப் பெயர் போனவர்கள் அவ்வூரார். ஒருபுறம் அலை, மறுபுறம் நெருங்கிய வீடுகள், இடையிலே எஞ்சிய மணற்பரப்பே ஆடுகளம். அம்மணலில் வெறுங்காலோடு பந்தாடிப் பார்த்தவரே அதன் கடுமையை அறிவர். உறுதியான தரையில் ஓடுவதைக் காட்டிலும் மணலில் ஓடுவதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும் என்று உடலியல் ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர். கால் புதையும்போது தரை அதனைத் திருப்பி உந்துவதில்லை. உந்தும் வேலை முழுவதும் கெண்டைக்காலின் தலையிலேயே விழுகின்றது. பந்தும் மணலில் உருளாது நின்றுவிடும். ஆதலால் அதனைக் காலிலிருந்து விலகவிடாமல் கிளப்பிக்கிளப்பி ஆடும் பழக்கம் இளமையிலேயே படிந்துவிடுகின்றது. இத்தகையவன் புல்தரையில் இறங்கும்போது, சுமையிறக்கிய வள்ளம்போல ஆகின்றான்.

இரவிபுத்தன்துறையில் 1994இல் பிறந்த மைக்கேல் சூசைராஜ் அவ்வாறு புல்தரையில் இறங்கியவர். சென்னை சிட்டி அணியில் அவரும், உடன்பிறந்தவராகிய மைக்கேல் ரெஜினும் ஆடினர். 2017 நவம்பரில் ஐ-லீக் பருவம் தொடங்கிச் சின்னாட்களே ஆகியிருந்தன. அம்மாதத்தின் கடைசி இரண்டு நாட்களில் ஒக்கிப் புயல் எம் மாவட்டத்தின் மீது விழுந்தது. ஆழ்கடலுக்குச் சென்றிருந்த இக்கடற்கரையார் பலர் மீளவில்லை. அவ்வூர்களில் வாரக்கணக்காக ஓய்வின்றி அழுகுரல் கேட்ட அதே பருவத்தில், பட்டியலின் கீழ்ப்பகுதியில் முடிந்ததோர் அணியில் ஆடிக்கொண்டே, ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்னும் விருதை அவர் பெற்றார். வெல்லும் அணியில் இருந்துகொண்டு விருது பெறுதல் ஒன்று. தோற்கும் அணியில் இருந்தும் எவர் கண்ணுக்கும் தப்பாமல் நிற்றல் வேறொன்று. பிறகு ஜாம்ஷெட்பூர் அணி அவரை அழைத்தது. 2019இல் இந்திய அணியின் சட்டையை அணிந்தார். கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 2020 மார்ச்சு 14ஆம் நாள் கோவாவில், தொற்றுநோய் அச்சத்தாற் பார்வையாளரே இல்லாத அரங்கில், சென்னையின் அணியை 3-1 என்று வென்று இந்தியன் சூப்பர் லீக் கோப்பையைக் கொண்ட பருவத்தில், அவ்வணியின் இடப்புறத்தைக் காத்தவருள் அவரும் ஒருவர். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20ஆம் நாள், முழங்கால் முறிவுற்று வெளியேறினார். அப்பருவம் முழுவதும் அவருக்கு இல்லையாயிற்று. மீண்டும் களம் புகுந்தார். ஆயினும் முழங்கால் என்பது காற்பந்து வீரனுக்குப் படகின் அடிப்பலகை போன்றது. ஒருமுறை பிளந்தபின் முன்போலாவது அரிது.

இம்முறிவைக் காட்டி அவரைக் கீழிறக்க வேண்டும் என்றார் ஒருவர். யாம் இசையவில்லை. எய்திய உயரத்தை அளக்க வந்தோமேயன்றி, எய்தியிருக்கக்கூடியதை அன்று. அன்றியும் எம் இரண்டாவது வினாவிற்கு அக்கடற்கரையே விடை கூறுகின்றது. முன்னெல்லாம் அவ்வூர்ப் பையன் ஒருவன் பந்தாட்டத்திற் சிறந்தால், கடற்படையிலோ காவற்படையிலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைக்கும் என்பதே கனவின் எல்லை. இப்போது தொழில்முறை அணியொன்றின் பெயரைச் சொல்லி அவன் தன் தாயிடம் வாதாட முடிகின்றது.

அடுத்துக் கடலை விட்டு மலைக்கு வருவோம். கேரள எல்லையோரத்து இரப்பர்த் தோட்டங்களுக்கிடையே கடையால் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் சமீஹா பர்வீன் செவிப்புலன் இழந்தவர். நீளம் தாண்டுதலில் வல்லவர். செவிப்புலன் இழந்தோர்க்கான விளையாட்டைப் பற்றி எம்மவரிற் பலர் அறியாராதலின் சிறிது விளக்குதல் தகும். அவர்களுக்கென உலகப் போட்டி 1924இலேயே பாரிசு நகரில் தொடங்கிவிட்டது. நன்கு கேட்கும் செவியிலும் 55 டெசிபெல் அளவேனும் கேள்விக் குறை உடையவரே அதிற் சேரலாம். களத்தில் கேள்விக்கருவி அணிதல் விலக்கு. ஓட்டத்தைத் துப்பாக்கி ஒலியால் தொடங்குவதில்லை. ஒவ்வொரு ஓடுபாதையின் முன்னும் நிற வெளிச்சம் மாறும். பார்வையாளர் ஆரவாரமும் பயிற்சியாளர் கூவலும் அங்கே பயனற்றவை. தாண்டுபவர் தம் ஓட்டத்தின் அடிகளை உடம்பின் உள்ளேயே எண்ணிக்கொண்டு பலகையை மிதிக்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் போலந்து நாட்டு லூப்ளின் நகரில், செவிப்புலன் இழந்தோர்க்கான உலகத் தடகளப் போட்டி நடைபெற்றது. தகுதிப் போட்டியில் தகுதி காட்டியிருந்தும், செல்வோருள் பெண் ஒருத்தியே என்பதைக் காட்டிச் சமீஹாவை விடுத்து ஆடவரை மட்டும் அனுப்ப முனைந்தனர். அவர் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார். போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், அவரையும் அனுப்புக என்று நீதிமன்றம் ஆணையிட்டது, அவர் சென்றார்.

"வழக்கில் வென்றதை விளையாட்டில் வென்றதாகக் கொள்வதா?" என்று உணவுச்சாலையில் ஒருவர் வினவினார். கூர்மையான வினாவே. முதலில் அவர் தாண்டினார். வழக்கு அதன் பின்னரே வந்தது. தாண்டாதிருந்தால் வழக்கிற்கே இடமில்லை. மேலும், துணைக்குப் பெண்ணில்லை என்று சொல்லி இனியொருத்தியை நிறுத்த முயல்வார், அவ்வாணையைத் தாண்டியே ஆக வேண்டும். தடம் என்று யாம் கூறியது இதுவே. பாதையில்லாக் காட்டில் முதலில் நடந்தவர் இவர் என்பதிற் சூசைராஜைவிட இவருக்கே உரிமை மிகுதி என்றுகூட ஒரு நாழிகை எண்ணினோம். ஆயினும் ஆண்டுதோறும், வாரந்தோறும், நாட்டின் தேர்ந்த வீரரை எதிர்த்து நின்று நிலைத்தவர் என்பதால், மயிரிழையளவு வேற்றுமையில் சூசைராஜ் முதல்வர், சமீஹா இரண்டாமவர் என்று எழுதுகின்றோம். எம் வகுப்புத் தோழியர் இதனை ஒப்பவில்லை என்பதையும் பதிந்துவிடுகின்றோம்.

இவ்விருவருள் ஒருவரும் நெற்கழனி சூழ்ந்த மெய்யான நாஞ்சிலைச் சேர்ந்தவர் அல்லர் என்பது தோவாளை நண்பர்க்குப் பெருங்குறையாயிற்று. மூன்றாமிடத்தையேனும் தமக்குத் தருக என்றனர். தரலாம், யாருக்குத் தருவது?

எம் ஊர்க் குளக்கரையில் உருண்டையான கருங்கல் ஒன்று பாதி மண்ணில் ஆழ்ந்து கிடக்கின்றது. இப்போது அதன்மேல் துணி துவைக்கின்றனர். முன்னாளில் அஃது இளவட்டக்கல். பிடித்துத் தூக்கப் பிடியோ முனையோ அதற்கில்லை; வழுவழுவென்றிருக்கும். குந்தியிருந்து, அதனைத் தொடையிலேற்றி, மார்போடணைத்து, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுப்புறமாக எறிய வேண்டும். கையின் வலிமையைவிட இடுப்பின் வலிமையும், மூச்சை அடக்கும் பழக்கமுமே அதற்கு இன்றியமையாதவை. அதைத் தூக்கினவனுக்கே பெண் கொடுத்த காலமும் உண்டென்பர். எம் ஊரில் அக்கல்லைத் தோளிலிட்டுக்கொண்டு குளத்தை ஒருமுறை சுற்றி வந்தவர் ஒருவர் இருந்தாராம். அவர் பெயர் யாதென எம் பாட்டியாரைக் கேட்டோம்.

"அவரு பேரு ஓர்மை இல்ல, மக்களே. கல்லுதூக்கின்னுதான் எல்லாரும் விளிப்பாவ" என்றார்.

புறநானூறு பயில்வார்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவிற்கு வரும். சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதனைச் சாத்தந்தையார் பாடியுள்ளார்; அக்கிள்ளிமேல் காதல் கொண்ட நக்கண்ணையார் பாடல்களும் உள்ளன. வென்றவன் அரசனாதலின் அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நின்றது. அரசனே எதிர்நின்று பொருதற்குத் தக்க வலிமையுடைய அம்மல்லனுக்கோ, ஊர்ப்பெயர் அன்றிப் பெயர் இல்லை. எம் ஊர்க் கல்லுதூக்கியும் அம்மல்லனுக்கு இனத்தவரே. அடிமுறையும் வர்மமும் சிலம்பமும் பயிற்றிய ஆசான்மார் எத்துணைப் பேர் எம் மாவட்டத்தில் இருந்தனர்! அவர் மெய்ப்பாடங்கள் மாணாக்கர் வழியாக வந்துள்ளன. களரியில் யார் யாரை வென்றார் என்னும் கணக்கு வரவில்லை. அண்மையில் பார லாரிகளை இழுத்துக் காட்டி இரும்பு மனிதர் எனப் பெயர் பெற்ற நாகர்கோவில் கண்ணனை மூன்றாமவராக்கலாம் என்று சிலர் முன்மொழிந்தனர். அவர் இக்கல்தூக்கிகளின் வழித்தோன்றல் என்பதில் ஐயமில்லை. எனினும் முன்னோர் இன்னார் என்றே அறியாதபோது, அவர்களினும் இவர் உயர்ந்தார் என்றோ தாழ்ந்தார் என்றோ கூற எமக்கு நா எழவில்லை.

ஆகவே மூன்றாமிடத்தை எழுதாது விட்டோம். இது நழுவுதல் என்று காப்பாளர் நகைத்தார்; இருக்கலாம். பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி எம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும், அண்டையிலுள்ள திசையன்விளைப் பக்கத்து வடலிவிளையிலும் இன்றும் நடைபெறுகின்றது. வடலிவிளையில் மகளிரும் தூக்குகின்றனர். வரும் பொங்கலன்று விடுதி நண்பர் நால்வர் இரண்டிரண்டு பேராக அங்கெல்லாம் சென்று, தூக்கினவர் பெயர், வயது, ஊர், கல்லின் நிறை ஆகியவற்றைக் குறித்து வர ஒப்பியுள்ளனர். பேருந்துச் செலவிற்கு உணவுச்சாலை நிதியிலிருந்து சிறிது தருவதாகக் காப்பாளரும் சொல்லியிருக்கின்றார். கொண்டுவரும் பட்டியலை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுமாறு பதிப்பாசிரியரை வேண்டிக்கொள்கின்றோம்.