பரணில் கிடக்கும் பாட்டு: காப்பாற்ற வழி உண்டு, நிதியும் உண்டு

பங்காருப்பேட்டையைத் தாண்டி மாரிக்குப்பம் கிளைப் பாதையில் ரயில் திரும்பியதும், சிறிது நேரத்தில் ஜன்னல் வழியே சாம்பல் நிற மேடுகள் தெரியத் தொடங்கும். தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு மண் அது. 'சயனைட் மலை' என்பார்கள் நம்மவர்கள். 1894-ம் ஆண்டு சுரங்கத்துக்காகவே போடப்பட்ட பாதை இது. இன்று இதில் தங்கம் போவதில்லை. விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்பும் ஆட்கள்தான் போகிறார்கள்.

அந்த வண்டியில் எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர், ஒரு நாள் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே கேசட்டுகள், மொத்தம் 43. அவருடைய பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1980-களில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி, லைன் வீடுகளில் பாடியதை எல்லாம் பதிவு செய்திருக்கிறார். மாரியம்மன் திருவிழாப் பாட்டு, பம்பை, பறை, தாலாட்டு, நலங்கு, ஒப்பாரி என்று எதையும் விடவில்லை. பெரியப்பா காலமாகிவிட்டார். பாடியவர்களிலும் பெரும்பாலோர் இன்று இல்லை. சில நாடாக்களில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது.

"இதைக் காப்பாற்றப் பணம் தருகிற இடம் ஏதாவது இருக்கா அண்ணா?" என்று கேட்டார். விசாரித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பெங்களூரிலும் தங்கவயலிலும் இதுபோன்ற டின்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கக்கூடும்.

தங்கத்துக்குக் கணக்கு உண்டு

1880-ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்த பிறகு, வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. எவ்வளவு தங்கம் எடுத்தார்கள் என்பதற்குப் புத்தகங்களில் கணக்கு இருக்கிறது. வேலை முடிந்து மேலே வந்தவர்கள் என்ன பாடினார்கள் என்பதற்கு இப்படிப்பட்ட பிஸ்கட் டின்கள்தான் சாட்சி.

தனி ஆள் வேலை அல்ல

இசை ஆராய்ச்சி என்றால் பட்டம் பெற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதுவது என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு.

2011 முதல் 2017 வரை 'காம்ப்மியூசிக்' என்றொரு திட்டம் நடந்தது. ஐரோப்பிய ஆராய்ச்சிக் குழுமம் பணம் கொடுத்தது. பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகப் பேராசிரியர் சேவியர் செர்ரா தலைமை வகித்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை ஹேமா மூர்த்தியின் குழு பங்கேற்றது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, துருக்கி இசை, பீகிங் ஓபரா, அரபு-அந்தலூசிய இசை ஆகிய ஐந்தையும் கணினியைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஒரு பதிவில் பாடகரின் ஆதார சுருதி எது, ராகம் எது, தாள ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். கமகம் தெரியாத என்ஜினீயரால் இது ஆகாது. கணினி தெரியாத வித்துவானாலும் ஆகாது. இருவரும் சேர்ந்ததால் நடந்தது. அந்த முயற்சியில் விளைந்த 'சரகா' என்ற தொகுப்பில் 249 கர்நாடக இசைப் பதிவுகள், சுமார் 52 மணி நேரத்துக்கு, ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைக்கின்றன.

இன்னொரு உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சு அறிஞர் 1938-ல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று பாட்டையும் கூத்தையும் பதிவு செய்தார். 46 ஆண்டுகளுக்குப் பின், 1984-ல், அறிஞர் நசீர் ஜைராஸ்பாயும் எமி காட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளா, கர்நாடகத்தில் அதே இடங்களுக்குப் போனார்கள். எது நிலைத்தது, எது மாறியது, எது மறைந்தது என்று பார்த்தார்கள். பழைய பதிவு பத்திரமாக இருந்ததால்தான் இது முடிந்தது.

எங்கே சேருவது?

அதே ஜைராஸ்பாய் 1982-ல் தொடங்கியதுதான் இசையியல் ஆவணக் காப்பகம். அமெரிக்க இந்தியவியல் கழகத்தைச் சேர்ந்த இது இன்று தில்லியை அடுத்த குருகிராமில் இயங்குகிறது. பதிவுகளை இங்கே ஒப்படைப்பவர் தம் உரிமையை இழப்பதில்லை. யார் கேட்கலாம், யார் பிரதி எடுக்கலாம் என்று அவரே எழுதிக் கொடுக்கலாம்.

உலக அளவில் இரண்டு அமைப்புகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1947-ல் லண்டனில் தொடங்கிய மரபிசை, நடனங்களுக்கான பன்னாட்டுக் குழுமம். மற்றது, 1969-ல் தொடங்கிய ஒலி, ஒளிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம். இரண்டிலும் சந்தா கட்டித் தனி நபர்களும் சேரலாம். இரண்டாவது சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் சிறு ஆய்வு நிதியும் மாநாட்டுப் பயண உதவியும் அளிப்பதுண்டு.

பக்கத்தில் வேண்டுமென்றால், 1981-ல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது. கர்நாடகத்தில் 2011-ல் ஏற்பட்ட ஜானபதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தங்கவயல் பாட்டு இந்த இரண்டு மாநிலத்துக்கும் சொந்தம். இப்படி ஒரு நிறுவனம் "இந்த வேலையில் நாங்களும் கூட இருக்கிறோம்" என்று கடிதம் கொடுத்தால் விண்ணப்பத்துக்குப் பலம் கூடும்.

பணம் எங்கே?

பெங்களூரிலேயே இந்தியக் கலை அறக்கட்டளை இருக்கிறது. 1993-ல் ஏற்பட்டு, 1995 முதல் நிதி வழங்கி வருகிறது. கலை ஆராய்ச்சிக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தமிழிலும் விண்ணப்பிக்கலாம் என்பது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

மத்திய கலாசார அமைச்சகம் இரண்டு வகை ஆய்வு உதவித்தொகை வழங்குகிறது. 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு இளநிலை, மாதம் ரூ.10 ஆயிரம். 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதுநிலை, மாதம் ரூ.20 ஆயிரம். இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். நாட்டுப்புறக் கலைகளும் இதில் அடக்கம். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டிலும் வழி உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018-ல் தொடங்கிய திட்டம் ஒன்று, அழியும் நிலையில் உள்ள இந்தக் கால ஆவணங்களுக்கு நிதி தந்திருக்கிறது. ஒலிநாடாக்களும் இதில் சேரும். ஆனால் ஒரு நிபந்தனை: பிரதிகளை உலகில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் கேட்கும்படி வைக்க வேண்டும். இந்த நிபந்தனை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திரும்பி வந்த விண்ணப்பம்

நம் இளைஞர் முன்பே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டு வரிப் பதிலோடு அது திரும்பி வந்துவிட்டது. வண்டியில் வரும்போது இருவரும் அதை வாசித்துப் பார்த்தோம். தமிழர் பண்பாட்டின் பெருமை பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தார். கடைசியில், ரூ.5 லட்சம் வேண்டும் என்று ஒரே வரி.

நான் ரயில்வே குமாஸ்தா. எத்தனை மூட்டை, என்ன சரக்கு, எவ்வளவு எடை, எங்கிருந்து எங்கே என்று எழுதாத சரக்கை எந்த ஸ்டேஷனிலும் புக்கிங் செய்ய மாட்டார்கள். விண்ணப்பமும் அப்படித்தான். என்ன இருக்கிறது, அது ஏன் முக்கியம், யார் யார் என்ன வேலை செய்வார்கள், எத்தனை மாதம் ஆகும், ஒவ்வொரு வேலைக்கும் என்ன செலவு, முடிந்த பிறகு பிரதிகள் எங்கே இருக்கும் என்ற ஆறு கேள்விக்கும் அதில் பதில் வேண்டும். பாட்டுத் தெரிந்த முதியவர்களிடம் கேட்டு எழுதும் நாட்களுக்கு அவர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பட்டியல் எடுத்தோம். 43 கேசட்டில் ஒன்பதில் பின்னால் யாரோ சினிமாப் பாட்டைப் பதிந்திருந்தார்கள். ஐந்தில் பூஞ்சை. மீதி 29.

நாடாவைத் தொடுமுன்

பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டிப் பார்க்கக் கூடாது. நாடாவும் கெடும், டெக்கும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியே எடுத்து வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். நல்ல கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிட்டால், தவறுதலாக மேலே பதிவு ஆகாது. பிரதி எடுக்கும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் எடுக்க வேண்டும் என்பதும், 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது என்பதும் காப்பகச் சங்கத்தின் பரிந்துரை. 96-ல் எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 2 ஜி.பி. இடம் பிடிக்கும். பிரதிகள் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும்.

யாருடைய பாட்டு?

கேசட் நம் வீட்டில் இருப்பதால் பாட்டு நம்முடையது ஆகிவிடாது. நமது காப்புரிமைச் சட்டத்தில் 1994-ம் ஆண்டுத் திருத்தம், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் தனி உரிமை அளித்திருக்கிறது. அந்தப் பதிவுகள் அதற்கு முந்தியவை. என்றாலும் சட்டத்தைவிட முகதாட்சண்யம் பெரிது. ஆகவே பாடியவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய் எழுத்தில் சம்மதம் வாங்கினோம். பலர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் நின்றது.

அந்தக் கேசட்டில் இருந்தது ஓர் ஒப்பாரி. சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்த கணவனுக்காக மனைவி அழுதது. கேட்ட எங்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. 29 கேசட்டில் இதுவே சிறந்தது என்றும், விண்ணப்பத்தில் முதலில் வைக்க வேண்டியது என்றும் பேசிக்கொண்டோம். அந்த அம்மாளின் மகளுக்கு இன்று அறுபது வயது இருக்கும்.

"அம்மா பாடலை, தம்பி. அழுதாங்க. அப்பா குழியிலேர்ந்து வரலைன்னு அழுதாங்க. அதை ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்டணுமா?" என்றார்.

பதில் சொல்ல முடியாமல் திரும்பினோம். அந்த வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அவரே ஆள் அனுப்பினார். அந்தக் கேசட்டைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றார். டேப்பை வைத்துவிட்டு நாங்கள் வெளியே திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கேட்டு முடித்து வந்தவர், "அழியவும் வேணாம், வெளியே போகவும் வேணாம். நான் இருக்கிற வரைக்கும் பூட்டி வைங்க. அப்புறம் என் பேத்தி முடிவு பண்ணட்டும்" என்றார். அதையே எழுதி வாசித்துக் காட்டினோம். கையெழுத்துப் போட்டார்.

இப்போது பட்டியலில் 28 கேசட்டுகளுக்கு நேரே 'கேட்கலாம்' என்றும், ஒன்றுக்கு நேரே 'பூட்டு' என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியலையும், செலவுக் கணக்கையும், கல்லூரி இசைத்துறை ஒன்றின் ஆதரவுக் கடிதத்தையும் சேர்த்து, உள்நாட்டு நிதிக்குப் புது விண்ணப்பம் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும், எந்த நாடாவில் யார் பாடியிருக்கிறார்கள் என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட்டுகள் இருந்தால், வாசகர்கள் முதலில் ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே பட்டியலை எழுதிவிடுங்கள். அதற்கு யாருடைய நிதியும் வேண்டியதில்லை.