ஐந்து சான்றும் ஆறாவது எண்ணும்

தமிழாசிரியனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். ஒருநாள் வகுப்பிலே, மகர மெய்யில் முடியும் பெயர் வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினத்தோடு சேர்ந்தால், மகரம் கெட்டு வல்லினம் மிகும் என்று கூறினேன். மரக்கிளை, குளக்கரை, பணப்பெட்டி, படக்காட்சி, நிலக்கடலை என ஐந்து உதாரணங்களைக் கரும்பலகையில் எழுதி, "எங்கும் இப்படியே" என்று முடித்தேன். கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "அப்படியானால் அகமும் கையும் சேர்ந்து அங்கை ஆனது எவ்வாறு, ஐயா?" என்றான். நன்னூலார் அதற்குத் தனிவிதி வகுத்திருப்பதை நான் அறிவேன். அறிந்தும் 'எங்கும்' என்றேன். அப்பிழையின் தன்மையை எனக்கு முழுதும் உணர்த்தியது 4294967297 என்னும் முழுவெண்.

1640 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்துக் கணித அறிஞர் பெர்மா ஓர் எண்வரிசையை ஆராய்ந்தார். இரண்டின் 1, 2, 4, 8, 16 ஆம் வலுக்களோடு ஒன்றைக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். இவ்வைந்தும் ஒன்றாலும் தம்மாலுமன்றிப் பிற எண்ணால் மீதியின்றி வகுபடாத முதன்மை எண்கள். ஆகவே இவ்வரிசையில் வருவன யாவும் முதன்மை எண்களே என்று அவர் நம்பினார். ஆயினும் அதனை நிறுவத் தம்மால் இயலவில்லை என்பதையும் ஒளியாது கூறினார்.

வரிசையில் ஆறாவது, இரண்டின் 32 ஆம் வலுவோடு ஒன்று கூட்டிய 4294967297. அது 641 ஐ 6700417 ஆற் பெருக்கி வருவது என்று 1732 இல் ஓயிலர் காட்டினார். இவ்வெண்ணை வகுக்கும் முதன்மை எண் எதுவும் 64 இன் மடங்கிலும் ஒன்று கூடியதாகவே இருக்கும் என்பதையும் அவர் பின்னர் நிறுவினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வருதலின், ஐந்தாம் முயற்சியிலேயே விடை கிட்டும்.

நீண்ட வகுத்தலின்றியும் இதனைக் காணலாம். 640 என்பது 5 ஐ இரண்டின் 7 ஆம் வலுவாற் பெருக்கியது. எனவே 640 இன் நாலாம் வலு, 625 ஐ இரண்டின் 28 ஆம் வலுவாற் பெருக்கியதாகும். 625 என்பது 641 இல் 16 குறைந்தது. அந்த 16 ஐ இரண்டின் 28 ஆம் வலுவாற் பெருக்கினால் இரண்டின் 32 ஆம் வலு வரும். ஆகவே 640 இன் நாலாம் வலுவும் இரண்டின் 32 ஆம் வலுவும் சேர்ந்தால் 641 இன் மடங்காகும். 640 என்பது 641 இல் ஒன்று குறைந்ததாதலின், அதன் நாலாம் வலுவை 641 ஆல் வகுத்தால் மீதி ஒன்று. அந்த ஒன்றை இரண்டின் 32 ஆம் வலுவோடு கூட்டினால் வருவது நம் எண். அதுவும் 641 இன் மடங்கே.

வரிசையில் ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரை இருபத்தெட்டு எண்களும் முதன்மை எண்களல்ல என்று இன்று அறியப்பட்டுள்ளது. அதுகொண்டு, இனி முதன்மை எண் ஒன்றும் வாராது என்று துணிவோமாயின் பழைய பிழையையே மீண்டும் செய்தவராவோம். அதனை இன்றுவரை எவரும் நிறுவிற்றிலர்.

அம்மாணவன் இன்று எங்குள்ளானோ அறியேன். இம்மலர் அவன் அங்கையை அடையுமாயின், தன் ஆசிரியன் 'எங்கும்' என்னும் சொல்லை இப்போது எளிதிற் சொல்வதில்லை என்பதை அவன் அறிவானாக.