ஆட்ட நேரத்தைக் குறிப்பவர் யார்?

தாபோடியில் நாற்பது ஆண்டுகளாக அரிசிக் கடை நடத்தி வருபவன் நான். பெரிய படிப்பு கிடையாது. கடையில் கூட்டம் இல்லாத வேளையில் கையில் கிடைத்ததைப் படிப்பதும் குறிப்பெடுப்பதும் பழக்கம். இந்த மலரில் கல்வெட்டு, பழைய அளவைகள் என்றே எழுதி வந்தவன் இப்போது கிரிக்கெட்டைப் பற்றி எழுதினால் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு.

2018-இல் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் சென்னை ஆட்டங்கள், ஏப்ரல் 10 ஆட்டத்துக்குப் பிறகு புனேவுக்கு மாற்றப்பட்டது நினைவிருக்கும். நம்ம ஊர் அணி, தேகு ரோடுக்குப் பக்கத்தில் கஹுஞ்சே மைதானத்தில்! பேரன் விடவில்லை. ஏப்ரல் 20 அன்று ராஜஸ்தான் அணியுடன் இரவு 8 மணி ஆட்டம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை என்பது சமணர்களாகிய எங்கள் வழக்கம். ஆகவே ஐந்தரைக்கே சாப்பிட்டுக் கிளம்பினோம். வாட்சன் 106 ஓட்டம் அடித்தார், சென்னை ஜெயித்தது. ஆனால் பேரன் அதைப் பார்க்கவில்லை. என் மடியில் தூங்கிப் போனான். வீடு வந்து சேர மணி பன்னிரண்டரை. மறுநாள் அவன் கேட்டான், "ஏன் தாத்தா இவ்வளவு லேட்டா வெக்கிறாங்க?"

நல்ல கேள்வி. வியாபாரி என்ற முறையில் நான் முதலில் பார்ப்பது, சரக்கை வாங்குபவர் யார் என்பதை. டிக்கெட் வாங்கிய நானும் பேரனும் வாங்குபவர்கள்தான், ஆனால் சில்லறை வாங்குபவர்கள். மொத்த வியாபாரம் வேறிடத்தில் நடக்கிறது. 2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமையை ஸ்டார் நிறுவனம் 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2023 முதல் 2027 வரைக்கான உரிமை 2022 ஜூனில் ஏலம் போனபோது, தொலைக்காட்சி, இணையம் எல்லாம் சேர்த்து 48,390 கோடி. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 118 கோடி என்று கணக்கு வருகிறது. மைதானம் நிரம்பி வழிந்தாலும் டிக்கெட்டில் இதை எடுக்க முடியுமா?

இவ்வளவு கொடுத்தவர் அதை விளம்பரத்தில் திரும்ப எடுக்க வேண்டும். விளம்பர நேரம் பத்து பத்து வினாடியாக விலை பேசப்படுகிறது. கடை அடைத்து, அலுவலகம் முடிந்து, குடும்பம் மொத்தமும் டி.வி. முன்னால் உட்காரும் நேரத்துக்குத்தான் விலை அதிகம். அதனால்தான் பெரும்பாலான ஆட்டங்கள் இரவில் நடக்கின்றன. சனி, ஞாயிறுகளில் இரண்டு ஆட்டம் வைத்தாலும், ஒன்று மாலையில் தொடங்கி மற்றது இரவில் தொடரும். ஒரே நேரத்தில் இரண்டு நடந்தால் பார்ப்பவர் கூட்டம் பிரிந்துவிடும் அல்லவா? 2018 மே 13 ஞாயிறன்று இதே கஹுஞ்சேயில் சென்னையும் ஹைதராபாதும் மே மாத வெயிலில் மாலை 4 மணிக்கே ஆட வேண்டியிருந்தது. இரவு 8 மணி மும்பை ஆட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்னும் தெளிவான சான்று 2009-இல் கிடைக்கிறது. நாடாளுமன்றத் தேர்தல் காரணமாக அந்த ஆண்டுப் போட்டி முழுவதும் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே ஆட்டங்கள் பகல் 12.30-க்கும் மாலை 4.30-க்கும் தொடங்கின. நம் கடிகாரத்தில் அது மாலை 4, இரவு 8. மைதானம் கேப் டவுனில் இருந்தாலும் கடிகாரம் இந்திய வீட்டுச் சுவரில் மாட்டியதுதான். நடு ஆட்டத்தில் ஏழரை நிமிட இடைவேளை புகுத்தியதும் அந்த ஆண்டில்தான். பிறகு அதை இரண்டரை நிமிடங்களாகப் பிரித்தார்கள். வியூகம் வகுக்க என்று பெயர், விளம்பரத்துக்கும் வசதி.

இது கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீகில், எல்லா அணிகளும் ஒரே ஊரில் கூடி சில நாள் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் முறையை வைத்தார்கள். படம் பிடிக்கும் சாதனங்களும் ஒரே இடத்தில் இருக்கலாம், இரவுதோறும் ஆட்டமும் இருக்கும். ஆனால் அந்த முறையில் பாலேவாடியில் நம் புனேரி பல்டன் அணியின் உள்ளூர் ஆட்டங்கள் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டன. மற்ற வாரங்களில் உள்ளூர் ரசிகனுக்கும் டி.வி.தான் மைதானமாக இருந்தது.

வெளிநாட்டில் இதைவிடப் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. வட இங்கிலாந்தில் ரக்பி லீக் என்பது 1895-இல் தொடங்கிய குளிர்கால ஆட்டம். 1995-இல் ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு 8.7 கோடி பவுண்டு தந்தது. 1996 முதல் ஆட்டம் கோடைக்கு மாறியது. நூறாண்டுப் பருவமே மாறிப்போனது!

இதில் தீமை மட்டும் இருப்பதாக நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் சிற்றூர்ப் பையன்களும் கோடிகளில் ஏலம் போகிறார்கள். இரவு 8 மணி ஆட்டமும் பின்னர் 7.30-க்கு வந்துவிட்டது. ஆனால் எந்த நேரம் என்றாலும் அதில் நம் தூக்கமும் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வருவது, எத்தனை பேர் டி.வி. முன்னால் உட்காருகிறோம் என்பதே.

நம் சங்கத்தையே பாருங்கள். சித்திரை விழாவை மாலை ஆறு மணிக்கு வைத்தோம். ஏழேகாலுக்கு நாற்காலிகள் காலி. மேடையில் பாடிக்கொண்டிருந்த குழந்தைகளின் முகம் வாடியதை நான் கண்ணால் பார்த்தேன். அதன்பின் செயற்குழுவில் பேசி, விழாவை ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினோம். "நாமும் டி.வி.க்குப் பணிந்துவிட்டோமே" என்றார் ஒரு நண்பர். பணிந்தது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் பாடும்போது கேட்க ஆள் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றேன்.

இந்த ஆண்டும் காலை பத்து மணிதான். ஒன்றரைக்குள் பந்தி முடிந்துவிடும். மாலை ஆட்டம் மூன்றரைக்கு. குடும்பத்தோடு வாங்க, சாப்பிட்டுவிட்டு நிதானமாக வீட்டுக்குப் போகலாம்.