தேயிலைச் சாறும் சாயநீரும்

கமக்காரர்களே,

துணிச் சாயங் கலந்த கழிவுநீர் வாய்க்காலிற் சேரின் பயிருக்குக் கேடாம். சாயத்தைச் சிதைக்கும் வழியொன்று ஆய்வுகூடங்களிற் கண்டறியப்பட்டுள்ளது. பச்சைத் தேயிலைச் சாற்றை இரும்பு உப்புக் கரைசலுடன் கலந்தால், சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைக் கண்ணுக்குப் புலப்படாத நனோத் துணிக்கைகளாக்குகின்றன. இவற்றுடன் ஐதரசன் பரவொட்சைட்டைச் சேர்த்து, 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புரோமோதைமோல் நீலம் என்னும் நிறப்பொருளைச் சிதைத்துக் காட்டினர்.

ஆயினும், நிறம் மறைந்த நீரெல்லாம் நன்னீராகாது. சாயமேற்றுதற்கு இட்ட உப்பு நீரிலேயே தங்கும். தமிழ்நாட்டின் திருப்பூரிற் சாயச்சாலைகளின் உப்பு நொய்யலாற்று நீரைப் பாசனத்திற்கு உதவாததாக்கியது. ஆகையால், தெளிந்த கழிவுநீரையும் உப்பளவு சோதித்தறியாது வயலுக்கோ மரக்கறிப் பாத்திக்கோ பாய்ச்சற்க. தேயிலைச் சாற்றை வீட்டிற் காய்ச்சி வாய்க்காலில் ஊற்றுவதாற் பயனில்லை. நீரில் நிறங் கண்டால், உங்கள் விவசாயப் போதனாசிரியருக்கு உடனே அறிவியுங்கள்.